முப்பத்தோரு பேருக்கு ஒரே எண்

கராச்சர்மா
24 நவம்பர் 2024

அன்புள்ள சுரேனுக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி. கடிதம் என்றால் கப்பல் கொண்டுவந்து சேர்த்துவிடும். நீங்கள் பிரிக்காமல் வைத்தாலும் வீட்டில் எங்காவது கிடக்கும், ஒருநாள் அத்தையாவது யார் எழுதியது என்று கேட்பார்கள்.

மாமாவின் கருமாதிக்கு வந்து மூன்று நாள் அந்த வீட்டில் இருந்தேன். அந்த மூன்று நாளில் நீங்கள் என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "நகரு." பந்தல் கயிறு கட்ட இடம் வேண்டியிருந்தது. கல்யாணமாகி நான்கு வருடத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். நீங்கள் ஹட் பே சுகாதார நிலையத்திலும் நான் இங்கே போர்ட் பிளேர் ஆபீஸிலுமாக இருந்த இந்த இரண்டு வருடத்தில் பாதிச் சண்டை போனில்தான். எந்தச் சண்டையும் இப்படி இருந்ததில்லை.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி போனில் பேசியதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். "ஷோபனா, தோட்டத்து லயத்துல வீட்டுக்கு வீடு காச்ச. தோட்ட வேலைக்கு வந்த ராஞ்சிக்காரங்களும் படுத்துட்டாங்க. எலிக்காய்ச்சல் மாதிரி இருக்கு. டீம் அனுப்பச் சொல்லு" என்றீர்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். அந்தமானின் எல்லாத் தீவுகளிலிருந்தும் வரும் காய்ச்சல் கணக்கைப் பார்த்து, எங்கே கூடுகிறது என்று சொல்வதுதானே என் வேலை. ஓரிடத்தில் ஒரு வாரத்தில் பத்துப் பேருக்கு மேல் போனால் சிவப்பு. உங்கள் பகுதி பச்சையாக இருந்தது. "இங்க ஒண்ணே ஒண்ணுதான் காட்டுது. மொதல்ல ஒழுங்கா என்ட்ரி போடுங்க, அப்புறம் டீம் கேளுங்க" என்றேன்.

அந்த "ஒழுங்கா" என்ற வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்கிறேன். எங்கள் ஆபீசர் ரவிச்சந்திரன் சார் என் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். புருஷன் சொன்னான் என்பதற்காக டீம் அனுப்பினாள் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. அதனால் குரல் அப்படி வந்துவிட்டது.

ஆனால் சுரேன், திரையில் இருந்ததைத்தான் நான் சொன்னேன். அதை மட்டும் நம்புங்கள்.

உங்களுக்கு மெமோ வரப்போகிறது என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். மூன்று பேர் இறந்ததற்கு விசாரணைக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். அதில் என் கை எதுவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். லயத்தில் வந்த காய்ச்சல் எல்லாவற்றையும் அந்த டேப்லெட் கம்ப்யூட்டரில் ஏற்றினீர்களா? உங்களிடம் இருக்கும் பேப்பர் ரெஜிஸ்டரை நகல் எடுத்து அனுப்ப முடியுமா?

ஷோபனா

---

ஹட் பே
3 டிசம்பர் 2024

புள்ளிவிவரப் பிரிவு மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் சொன்னபடியே மெமோவும் கிடைத்தது. தாமதமாகத் தகவல் அளித்ததற்கு என்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். பதில் எழுத பதினைந்து நாள் அவகாசம்.

இதற்குமேல் "தாங்கள்" போட்டு எழுத எனக்கு வரவில்லை. கேள்.

ஏற்றினீர்களா என்று கேட்கிறாய். லயத்தில் சிக்னல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். எண்ணெய்ப்பனைத் தோட்டம் மூடின பிறகு அந்தப் பக்கம் யாருக்கு டவர் போடத் தோன்றும்? பகலெல்லாம் வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு, சாயங்காலம் ஸ்கூட்டரில் பஜாருக்கு வந்து, கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று ஒவ்வொரு பேராக அனுப்பினேன். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. முப்பத்தோரு பேர். ஒன்றுகூட விடவில்லை.

இருபத்தாறாம் தேதி அப்பா படுத்தார். "கால் ஆடுசதை வலிக்குதுடா, காட்டுல வழுக்கி விழுந்தது" என்றார். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. கண் சிவந்திருந்தது. அதற்கு முன்பே அதே கண்ணை இருபது வீட்டில் பார்த்துவிட்டேன். போர்ட் பிளேர் ஹெலிகாப்டரில் அன்றைக்கு இடமில்லை. மறுநாள் மழையில் அது பறக்கவே இல்லை. அதற்கும் மறுநாள் கப்பல். எட்டு மணி நேரம். கப்பல் கேன்டீன் முத்துராஜ் தன் பெஞ்சைக் கொடுத்தார், அதில் படுக்க வைத்தேன். மூத்திரம் போகவே இல்லை. மருத்துவம் படித்தவன் நான் இல்லை, ஆனாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

போர்ட் பிளேரில் நீ கப்பல் துறையில் நின்றாய். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாய். அதை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இங்கே இந்தியில் காய்ச்சலுக்குப் புகார் என்பார்கள். ராஞ்சிக்காரி சுமித்ரா தீதி வாசலிலேயே நின்று "புகார் ஹை பையா, புகார் ஹை" என்றாள், காய்ச்சல் அண்ணா என்று. தமிழில் எழுதிப் பார்த்தால் அதுவும் புகார்தான். அந்தப் புகாரைத்தான் உன்னிடம் கொண்டுவந்தேன். ஒழுங்காக என்ட்ரி போடு என்றாய். தீதியும் போய்விட்டாள். லயத்துப் பொன்னுத்துரை அண்ணனும் போய்விட்டார்.

ரெஜிஸ்டர் கமிட்டியிடம் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பு ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். தேதி, பேர், வயசு, போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. எண்ணிப் பார்.

சுரேந்திரன்

---

கராச்சர்மா
11 டிசம்பர் 2024

சுரேன்,

எண்ணிப் பார்த்தேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய முப்பத்தொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றைத் தவிர மற்ற முப்பதையும் நீக்கியது நான்.

போன மார்ச்சில் வடக்கே ஓர் ஊரில் ஒரே பெரியவர் காய்ச்சலுக்காக ஐந்து தடவை வந்தார். ஐந்து பதிவு. இயந்திரம் ஐந்து பேர் என்று எடுத்துக்கொண்டது. இன்னும் சிலரோடு சேர்ந்து சிவப்பு விழுந்து, டீம் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்கள்: "ஒரு ஆளுக்கும் அஞ்சு ஆளுக்கும் உங்க கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாதா?" அன்று மதியமே உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். ஒரே போன் எண் பதினான்கு நாளுக்குள் மறுபடி வந்தால், அது அதே நோயாளி திரும்ப வந்தது, ஒருமுறை மட்டும் எண்ணு. இரண்டே வரி. எல்லாரும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு பொய்யாகச் சிவப்பு விழவே இல்லை.

உங்கள் ஜெராக்ஸில் முப்பத்தோரு பேருக்கும் ஒரே எண். உங்கள் எண்.

நீக்கிய பதிவுகள் எங்கும் போய்விடுவதில்லை. தனியாக ஒரு கோப்பில் போய்க் கிடக்கும். அதை யாரும் திறப்பதில்லை. நானும் அதுவரை திறந்ததில்லை. நேற்றுத் திறந்தேன். இருபத்தெட்டாவது வரியில் மாமா இருந்தார். பழனியாண்டி, 67, ஆண், காய்ச்சல், கால் வலி. நீக்கிய காரணம் என்ற கட்டத்தில் என் விதி எழுதி வைத்திருந்தது: ஏற்கெனவே உள்ளவர்.

பிறகு அந்த விதியை எடுத்துவிட்டு அக்டோபர் மாதத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பதினெட்டாம் தேதியே உங்கள் பகுதி சிவப்பாகிவிடுகிறது. நீங்கள் எனக்குப் போன் செய்வதற்கு நான்கு நாள் முன்பு. மாமா படுப்பதற்கு எட்டு நாள் முன்பு. இருபதாம் தேதிக் கப்பலில் டீம் மாத்திரையோடு வந்து இறங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. தீபாவளியன்று நீங்கள் மருந்து வாங்க வெளியே போயிருந்தபோது மாமாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. "ஏம் புள்ள, நம்ம லயத்து ஆளுகளுக்கு மாத்தர குடுத்தாச்சா?" என்று கேட்டார். "குடுத்தாச்சு மாமா" என்றேன். எனக்கு எதுவும் தெரியாது அப்போது. டீம் அடுத்த நாள்தான் கிளம்பியது. ஆஸ்பத்திரி லேப் சொன்ன பிறகு. என் வீட்டில் உங்களைச் சிலோன்காரன் என்று சொல்லி வாசலோடு அனுப்பியபோது, எங்கள் அப்பாவிடம் தனியாக வந்து பேசி இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் மாமா. அவரிடம் கடைசியாக நான் பேசியது ஒரு பொய்.

ரவிச்சந்திரன் சாரிடம் இன்று காலை சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினார். "யாரிடமும் போய்ச் சொல்லாதே. சுரேந்திரனுக்கு ஒரு எச்சரிக்கையோடு முடிந்துவிடும். உனக்கு மார்ச்சில் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும்" என்றார். கெட்டவர் இல்லை அவர். நல்லதாகவே நினைத்துச் சொன்னார்.

நான் என்ன செய்ய, சுரேன்?

இன்னொன்று. கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன். ஏன் எல்லாருக்கும் உங்கள் எண்ணையே போட்டீர்கள்?

ஷோபனா

---

ஹட் பே
22 டிசம்பர் 2024

ஷோபனா,

உன் கடிதத்தைக் கப்பல் துறையிலேயே நின்று படித்தேன். கப்பலிலிருந்து கொண்டுவந்து கொடுத்த முத்துராஜ் "என்ன தம்பி, வீட்ல ஏதும் ஆச்சா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத மாட்டேன். எழுதினால் அது அப்படியே நின்றுவிடும். பத்து நாள் போகட்டும் என்று விட்டேன்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில்.

லயத்தில் பாதிப் பேரிடம் போன் இல்லை. இருப்பவர்களிடமும் சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை. பத்து எண் போடாவிட்டால் அந்தப் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. இல்லை என்று போட இடமே கிடையாது. முதலில் பொன்னுத்துரை அண்ணனுக்கு என் நம்பரைப் போட்டேன். ரத்தச் சோதனை முடிவு வந்தால் எனக்குத்தானே தெரிய வேண்டும், நான்தானே போய்ச் சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், சுலபமாக இருந்தது. போன் உள்ள ஏழெட்டுப் பேருக்கும்கூட என் நம்பரையே போட்டேன். கேட்கச் சோம்பல். பயிற்சியில் சொன்னார்கள், நோயாளியின் எண்ணையே வாங்குங்கள் என்று. அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். பார்த்தது நீ.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இன்னும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

நீ போனில் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போர்ட் பிளேரில் பெரிய டாக்டரின் நம்பர் என்னிடம் இருந்தது. நேராகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இவளுடைய திரை பொய் என்று இவளே வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். நான்கு நாள் அப்படி இருந்தேன். லயத்தில் ஆட்கள் சாகக் கிடக்கும்போது நான் உன்னோடு சண்டையை ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டோரில் எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே கொடுக்கும் மாத்திரை இருநூறு இருந்தது. மேலிடத்து உத்தரவு வந்தால்தான் ஊருக்குக் கொடுக்க முடியும். சரி, ஊருக்கு வேண்டாம். அப்பா தினமும் அந்தச் சேற்றில் இறங்கிப் பாக்குப் பொறுக்கப் போகிறார். இரண்டு மாத்திரை. அதைக் கொடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒருநாள் எடுத்துச் சட்டைப் பையில்கூடப் போட்டேன். கம்பவுண்டர் தன் வீட்டுக்கு மட்டும் மாத்திரை எடுத்துக்கிட்டான் என்று லயத்தில் பேசுவார்களே என்று நினைத்துத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அதனால், என்ன செய்ய என்று என்னைக் கேட்காதே. அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. மெமோவுக்குப் பதில் எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் அனுப்பினேன், எண் தவறு என்னுடையது என்று எழுதினேன். உன் விதியைப் பற்றி எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீ.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஷோபனா ஏன் போனே பண்ணலை என்று கேட்கிறாள்.

சுரேந்திரன்

---

கராச்சர்மா
19 ஜனவரி 2025

சுரேன்,

சொல்லிவிட்டேன்.

பதினாறாம் தேதி கமிட்டி கூடியது. தலைவர், சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டர் அம்மா. யாரும் கூப்பிடாமலே நான் போய், இரண்டு கோப்புகளை மேஜையில் வைத்தேன். ஒன்று அக்டோபரில் என் திரை காட்டியது. இன்னொன்று காட்டியிருக்க வேண்டியது. ரவிச்சந்திரன் சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

டாக்டர் அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார். "நீக்கினது எல்லாம் இந்தக் கோப்புல வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நான்தான் அப்படி வெச்சேன்."

"வாரத்துக்கு ஒருதடவையாவது யாராவது பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

"எல்லாம் பச்சையா இருந்துச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சுரேந்திரன் உங்க கணவர்தானே? அவரைக் காப்பாத்தத்தான் இதக் கொண்டுவந்தீங்களா?" என்றார்.

"இவ்வளவு நாள் சொல்லாம இருந்தது என்னைக் காப்பாத்திக்கத்தான் மேடம்" என்றேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

உங்கள் மெமோவைத் திரும்பப் பெறும் உத்தரவு இந்த வாரம் வரும். எண்ணைச் சரியாகப் பதியவில்லை என்று ஓர் அறிவுரை மட்டும் இருக்கும். எனக்கு வேலை மார்ச் முதல் வாரத்தோடு சரி. அதுவரை இருந்து எல்லாவற்றையும் சீர்செய்து கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். இனி ஒரே எண் மூன்று தடவைக்கு மேல் வந்தால் இயந்திரம் எதையும் நீக்காது. யாராவது ஒருவர் அந்த எண்ணுக்குப் போன் செய்து பேச வேண்டும். பேசி என்ன தெரிந்தது என்று எழுதினால்தான் திரை அடுத்ததற்கு நகரும். போன் இல்லை என்று பதியவும் இடம் வைத்துவிட்டேன். ஓரிடத்தில் ஐந்து பேர் ஆனாலே மஞ்சள் விழும், அப்போதும் அங்கே இருப்பவருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. போன மார்ச்சிலேயே செய்திருக்கலாம்.

அந்த இருபத்திரண்டாம் தேதி நீங்கள் சொன்னதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. லயத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்று வீடு வீடாகப் போன மனிதர் சொல்கிறார். அதைப் பதிய என் திரையில் ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அது எனக்குத் தகவலாகவே படவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ.

மாத்திரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் பேர் வந்துவிடுமோ என்று பயந்ததும் நீங்கள் பயந்ததும் ஒரே வாரத்தில்.

அத்தையிடம் நானே நேரில் வந்து சொல்ல வேண்டும். வரட்டுமா?

ஷோபனா

---

ஹட் பே
2 பிப்ரவரி 2025

ஷோபனா,

உத்தரவு வந்தது. நன்றி என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமல் விடுகிறேன்.

நீ வருவதற்குள் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். உன்னைத் தனியாக அந்த முகத்துக்கு முன்னால் நிறுத்த மனசு வரவில்லை. என் பங்கையும் சொன்னேன், மாத்திரை உட்பட.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. "அதென்னடா, காச்ச வந்த ஆளு வரலன்னு எப்புடி வரும்?" என்றாள். எல்லாருக்கும் ஒரே நம்பர் போட்டதால் எல்லாரும் ஒரே ஆள் என்று மெசின் நினைத்துவிட்டது என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அவரு படுத்தது அந்த மெசினுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"செத்தது?"

மீன் சட்டியை எடுத்து நகர்த்தி வைத்தேன்.

"சிலோன்ல பொறந்ததுக்கு அவருக்குப் பதிவு இல்ல. கப்பல்ல வந்து எறங்குனப்ப பேர மாத்தி எழுதிட்டானுக, அதத் திருத்த எத்தன வருசம் அலைஞ்சாரு. இப்ப இங்கயும் இல்லியா" என்றாள். கொஞ்சம் கழித்து, "இப்பவாச்சும் அவரு பேரச் சேத்துட்டாங்களா? அந்தப் புள்ளகிட்ட கேளு" என்றாள்.

கேட்கிறேன். சேர்த்துவிட்டார்களா?

நீ வரலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். திரும்பப் போய் மீனைக் கழுவி முடித்தாள். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி ஊட்டினது அந்தப் புள்ளதானே என்றாள். பிறகு, "வர வேணாம்னு எழுதாத. இப்ப வேணாம்னு எழுது" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், எனக்கும் அதுதான்.

சுரேந்திரன்

---

மின்னி பே
9 மார்ச் 2025

சுரேன்,

சேர்த்துவிட்டேன். வேலையின் கடைசி நாளில் நான் கடைசியாகச் செய்தது அது. அந்த முப்பது பேரையும் ஒவ்வொருவராகத் திரும்ப எடுத்து வைத்தேன். ஒரே கட்டளையில் முடித்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பேரையும் படித்துத்தான் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அக்டோபர் மூன்றாம் வாரம், ஹட் பே, இனி எப்போது யார் திறந்து பார்த்தாலும் சிவப்பாகத்தான் இருக்கும். மாமாவின் பேர் சரியான எழுத்தில் இருக்கிறது. இறந்த தேதியும் இருக்கிறது. அத்தையிடம் சொல்லுங்கள்.

கராச்சர்மா வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவிடம் வந்திருக்கிறேன். அந்த டாக்டர் அம்மா சென்னையில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். வெள்ளம் வந்தால் எந்தத் தெருவில் முதலில் நோய் வரும் என்று கணக்குப் பார்க்கும் வேலை. என்னை எதற்கு என்று கேட்டேன். தப்பு எங்கே நடக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றார். பதினான்காம் தேதி கப்பல்.

உங்கள் சட்டைகள் இரண்டும் ரெயின்கோட்டும் முத்துராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். சென்னை முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. எழுத வேண்டும் என்று இல்லை.

ஷோபனா

---

ஹட் பே
12 அக்டோபர் 2025

ஷோபனா,

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். இடையில் எழுத ஒன்றுமில்லாமல் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இப்போது சொல்ல ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

இந்த வருடமும் மழை போன வருடம் மாதிரியேதான். போன வாரம் திங்கட்கிழமை லயத்தில் ஐந்து பேருக்குக் காய்ச்சல். இரண்டு பேருக்குக் கண் சிவப்பு. போன் உள்ளவர்களுக்கு அவரவர் எண், இல்லாதவர்களுக்கு இல்லை என்று போட்டு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஜாரில் நிற்கும்போது போன் வந்தது. உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண். ஜெயலட்சுமி என்று பேர் சொன்னாள். "சார், உங்க பக்கத்துல மஞ்சள் விழுந்திருக்கு. அங்க நெஜமா எப்படி இருக்கு, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றாள். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். கீபோர்டு தட்டும் சத்தம் போனில் கேட்டது.

வியாழக்கிழமைக் கப்பலில் டீம் வந்து இறங்கியது. ஒரு இளம் டாக்டர், மூன்று நர்ஸ், பெட்டி பெட்டியாக மாத்திரை. லயத்துப் பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு வரிசையாக எல்லாருக்கும் கொடுத்தோம். படுத்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒருவரும் கப்பல் ஏற வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு எல்லாரும் எழுந்து நடமாடுகிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டும். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவர் கையிலும் மாத்திரையை வைத்துக்கொண்டே இருந்தேன். பொன்னுத்துரை அண்ணனின் சம்சாரம் வந்து கை நீட்டினாள். சுமித்ரா தீதியின் மகள் வந்தாள். "இது போன வருசம் இல்லியா பையா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கேட்டதில் கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இருந்தது என்று சொன்னேன். பொய் சொல்ல முடியவில்லை. அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது டாக்டர் டேப்பைக் காட்டி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஆளிலேயே பிடித்துவிட்டார்கள், நல்ல ஏற்பாடு என்றார். என்னைப் பார்த்து, "இத செஞ்சது யாருன்னு தெரியுமா? அந்தமான் ஆளாமே?" என்று கேட்டார்.

"என் மனைவி" என்றேன்.

"அப்படியா! எங்க இருக்காங்க?"

"சென்னையில."

"எப்ப வராங்க?"

அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. டேப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அம்மா அப்போது மாத்திரை வரிசையில் மேஜைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். அதுவரை உன் பேரை அவள் ஏழு மாதமாக எடுக்கவில்லை. கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டு, டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"கப்பல் டிக்கெட் கெடைக்கிறது கஷ்டம்ங்க. கெடைச்சதும் வந்துரும்."

சுரேந்திரன்